அம்மாவுக்கு ஒரு டிக்கெற்

மெல்பேர்ணில் அக்காவுக்குப் பிள்ளை பிறந்தபோதுதான் அண்ணாவின்ர மைல்ஸ் எங்களுக்கு ஞாபகம் வந்தது. ஒன்பது வருசம் வளைகுடாவில் வேலை, வந்து போன ஒவ்வொரு பறப்புக்கும் மைல்ஸ். கணக்கைத் திறந்தால் மூன்று வருசத்துக்கு முந்தினது எல்லாம் காலாவதி! மிஞ்சினதோட தம்பியின்ர கடனட்டைப் புள்ளிகளையும் மாற்றிச் சேர்த்தோம். ஒரு வழிக்குத்தான் கண்டது.

அதுவும் சும்மா இல்லை. வரி, எரிபொருள் மேலதிகக் கட்டணம் எல்லாம் காசாகக் கட்டவேண்டும். மைல்ஸுக்கு விடுகிற ஆசனங்களோ கொஞ்சம். டிசம்பரில் ஒன்றுமே இல்லை. கொழும்பிலிருந்து மெல்பேர்ணுக்கு 2017 இலிருந்து நேரடி விமானம் இருக்கிறது, ஆனால் எங்கட மைல்ஸ் வேறொரு நிறுவனத்தின்ரது. கிடைத்த பயணத்தில் சிங்கப்பூரில் ஒன்பது மணித்தியாலம் காத்திருக்கவேணும். அம்மாவின்ர முழங்காலை நினைத்து வேண்டாம் என்றோம்.

“ஒன்பது மணித்தியாலம் தானே, இருப்பன்” என்றா. சக்கர நாற்காலிக்கும் சொல்லிப் பதிந்தோம். திரும்பிவாற டிக்கெற்றுக்குத் தன்ர சீட்டுக் காசை எடுத்துத் தந்தா.

பிறகு மெதுவாகக் கேட்டா: “அப்ப அவன் கடைசி மூண்டு வருசத்தில எத்தினை தரம் வந்தவன்?”

எண்ணிப் பார்த்தோம். நாலு தரம்.