முதல் வாரத்தில் சத்தியம் வேண்டாம்

"கடைசியா எத்தனை மணிக்குக் குடிச்சீங்க?"

போதை மீட்பு வார்டில் சேர வருகிறவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இது. ஏன் குடிக்கிறார், யார் பழக்கிவிட்டது, வீட்டில் என்ன சண்டை என்பதெல்லாம் அடுத்த வாரத்துக்கு. இந்த ஒரு மணிக்கணக்கு சரியாகக் கிடைத்துவிட்டால் அடுத்த நான்கு நாள் எப்படிப் போகும் என்பது ஓரளவு தெரிந்துவிடும். நிறுத்திய ஆறிலிருந்து எட்டு மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் குமட்டலும் தொடங்கும். வலிப்பு வருமானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். சித்தம் கலங்குவது மூன்றாம் நாள், நான்காம் நாள். "நல்லாத்தானே இருக்கார், கூட்டிட்டுப் போகட்டுமா?" என்று சொந்தக்காரர்கள் வந்து நிற்பது இரண்டாம் நாள் மாலையில். அந்த நேரத்தில் அவர்களை இன்னும் இரண்டு நாள் இருக்கவைப்பதற்காக நான் பேசும் பேச்சு, வார்டில் போடும் எந்த ஊசிக்கும் குறைந்த வைத்தியம் இல்லை.

அடுத்தது அளவு. "ஒரு கட்டிங்தான் சிஸ்டர், அதுவும் உடம்பு வலிக்கு" என்பார். பின்னால் நிற்கும் மனைவி இல்லை என்று தலையாட்டுவார். அதைப் பிடித்துக்கொண்டு நான் வாதம் செய்வதில்லை. "காலையில பல் விளக்குறதுக்கு முன்னாடியே தேவைப்படுதா?" என்று மட்டும் கேட்பேன். ஆமாம் என்றால் அளவு தானாகவே விளங்கிவிடும். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் 42.8 விழுக்காடு ஆல்கஹால் என்றால் ஏறக்குறைய 60 கிராம். ஈரல் ஒரு மணி நேரத்தில் எரித்து முடிப்பது சுமார் 7 முதல் 10 கிராம். இரவு பத்து மணிக்கு உள்ளே போன குவார்ட்டர் விடியற்காலையில் தீர்ந்துவிடும். அப்போது கை உதறத் தொடங்கும். டீ கிளாஸைப் பிடிக்க முடியாமல் காலை ஐந்து மணிக்கே சரக்கு தேடிப் போகிற மனிதரைப் பார்த்துத் தெரு சிரிக்கிறது. அவர் அப்போது போதைக்காகக் குடிப்பதில்லை. நடுக்கம் நிற்பதற்காகக் குடிக்கிறார்.

கையை நீட்டச் சொல்லி விரல்களை விரிக்கச் சொல்வேன். சிலருக்கு நடுக்கம் கண்ணுக்குத் தெரியாது. என் விரல் நுனியை அவர் விரல் நுனியில் வைத்துப் பார்த்தால் உள்ளே ஓடும் சன்னமான அதிர்வு கைக்குத் தட்டுப்படும். நாங்கள் மதிப்பெண் போடும் அட்டவணையில் இதற்கென்றே ஒரு படி இருக்கிறது: பார்க்கத் தெரியாது, தொட்டால் தெரியும். அந்த அட்டவணையில் மொத்தம் பத்து கேள்விகள். குமட்டல், நடுக்கம், வியர்வை, பதற்றம், அமைதியின்மை, தோலில் எதாவது ஊர்வது போலிருக்கிறதா, காதில் எதாவது கேட்கிறதா, வெளிச்சம் கூசுகிறதா, தலைவலி, இன்றைக்கு என்ன கிழமை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை இதைக் கேட்டு எழுதி, அந்த எண்ணைப் பார்த்துத்தான் மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் நான் சொல்வது, எழுதுவதற்கு முன்னால் தொடுங்கள் என்று. வீட்டில் அவரைத் தொட்டு எத்தனை காலம் ஆயிற்றோ. நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டாலே பாதிப் பேர் உண்மை பேசத் தொடங்கிவிடுவார்கள்.

பேருந்து நடத்துநர் ஒருவரை என்னால் மறக்க முடியவில்லை. மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்குக் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இடது கையில் இல்லாத டிக்கெட் கட்டு. வலது கட்டைவிரலை நாக்கில் தொட்டு, ஒவ்வொன்றாகக் கிழித்து, பக்கத்துக் கட்டில்காரரிடம் நீட்டிக்கொண்டிருந்தார். "முன்னாடி போங்க, முன்னாடி போங்க" என்று அதட்டல் வேறு. சட்டையெல்லாம் நனைந்திருந்தது, நாடி ஓடிக்கொண்டிருந்தது. சித்தக் கலக்கத்தில் கை தன் தொழிலைச் செய்வது இப்படித்தான். தையல்காரர் காலால் மெஷின் மிதிப்பார், மேஸ்திரி செங்கல் அடுக்குவார். பார்க்கிறவர்களுக்குக் காத்து கருப்பு அடித்ததாகத் தோன்றும். வேப்பிலை அடிக்கக் கூட்டிப் போன குடும்பங்கள் உண்டு. உண்மையில் அது உயிரைக் கொண்டுபோகக்கூடிய அவசர நிலை. கவனிக்காமல் விட்டால் காய்ச்சலும் இதயத் துடிப்பின் கோளாறும் ஆளைச் சாய்த்துவிடும்.

அந்த நேரத்தில் அவர் சொல்வதற்கு ஒத்து ஊதவும் கூடாது, அதட்டவும் கூடாது. விளக்கு எரிய வேண்டும். சுவர்க் கடிகாரம் கண்ணில் பட வேண்டும். சுற்றிக் கூட்டம் இருக்கக்கூடாது, ஒரே முகம் இருக்க வேண்டும். "அண்ணே, இது ஆஸ்பத்திரி. நான் சிஸ்டர். மணி ராத்திரி ரெண்டு. நான் இங்கேயேதான் இருக்கேன்." இதையே மறுபடி மறுபடி, குரல் ஏறாமல் சொல்ல வேண்டும். மருந்து தன் வேலையைச் செய்யும்வரை அவருக்குப் பிடிமானம் அந்தக் குரல்தான்.

ஏன் இப்படி ஆகிறது என்று குடும்பத்துக்குச் சொல்லாமல் விடுவதில்லை. மது மூளையை அடக்குகிறது. அதற்கு ஈடுகட்ட மூளை தன் விழிப்பை நாள்தோறும் ஏற்றிக்கொண்டே வருகிறது. திடீரென்று மது நின்றதும் அடக்க ஒன்றும் இல்லை, ஏற்றிவைத்த விழிப்பு மட்டும் மிஞ்சுகிறது. நடுக்கம், வலிப்பு, தூக்கமின்மை, இல்லாத பூச்சி ஊர்வது எல்லாமே அதன் வெளிப்பாடுகள். குளோர்டயஸிபாக்சைடு போன்ற மாத்திரையை முதலில் நிறையக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து, ஒரு வாரம் பத்து நாளில் நிறுத்திவிடுவார்கள். ஈரல் கெட்டிருந்தால் லோராஸிபாம். இந்த மாத்திரைகளும் பழகிவிடக்கூடியவை. ஆகவே பழைய சீட்டை வைத்துக் கடையில் தானாக வாங்கிப் போடுவது இன்னொரு கிணறு.

வந்ததும் வராததுமாக "குளுக்கோஸ் ஏத்துங்க சிஸ்டர்" என்பார்கள். தயமின் எனும் பி1 வைட்டமினை ஊசியில் ஏற்றாமல் குளுக்கோஸ் பாட்டிலை நாங்கள் தொங்கவிடுவதில்லை. சோறு இறங்காமல் குடித்தே காலம் தள்ளியவர் உடம்பில் தயமின் வற்றியிருக்கும். உடம்பின் மொத்தச் சேமிப்பே இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் தாங்கும். குளுக்கோஸை எரிக்கத் தயமின் வேண்டும். இருக்கிற சொட்டும் அதில் தீர்ந்துபோனால் மூளையின் சில பகுதிகள் பட்டுப்போகும். கண் என் விரலைத் தொடர்ந்து வருகிறதா, நடை அகலமாகத் தள்ளாடுகிறதா, பேச்சு குழம்புகிறதா என்று பார்ப்பது இதற்காக. 1881இல் கார்ல் வெர்னிக்கே விவரித்த நோய் அது. தாமதமானால் நினைவே பதியாத நிலைக்குப் போய்விடும். காலையில் பேசியவரிடம் மதியம் போனால் "நீங்க புதுசா வந்த சிஸ்டரா?" என்பார். சாப்பிட்டதை மறந்துவிட்டு, சாப்பிடாத ஒன்றைச் சாப்பிட்டதாகக் கதையும் சொல்வார். பொய் சொல்கிறான் என்று அண்ணன்காரர் கொதிப்பார். மூளை ஓட்டையை அடைக்கத் தானாகப் பின்னும் கதை அது. ஒரு மலிவான வைட்டமின் ஊசி நேரத்துக்குப் போடப்பட்டிருந்தால் தடுத்திருக்கலாம் என்பதால் இந்த நோயாளிகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதே இல்லை.

இவ்வளவும் சொன்னது ஒரு விஷயத்துக்காக. வார்டில் சேர்ந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, பார்வையாளர் நேரத்தில், மனைவியோ அம்மாவோ குழந்தையைக் கொண்டுவந்து கட்டில் அருகே நிறுத்துவார்கள். "இவ தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு, இனிமே தொடமாட்டேன்னு." நடுங்குகிற கை குழந்தையின் தலைமேல் போகும். அவர் கண்ணீர் நிஜம். அந்த மூளைக்கு அன்றைக்கு என்ன கிழமை என்று தெரியாது என்பதும் நிஜம். எவ்வளவு பணிவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பணிவாக அந்தக் கையை நான் எடுத்துவிடுவேன்.

உடம்பு திருந்துவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் நடுக்கமும் வாந்தியும் அடங்கும். ஒரு வாரத்தில் பசி எடுக்கும். இட்லி நாலைந்து உள்ளே போகும் காலை வார்டில் எல்லோருக்குமே சந்தோஷம். ஈரலில் படிந்த கொழுப்பு சில வாரங்களில் கரையத் தொடங்கும், ரத்தப் பரிசோதனையில் ஈரல் பாதிப்பைக் காட்டும் ஜிஜிடி எண் இறங்கும். ஊதிய சிவப்பணுக்கள் பழைய அளவுக்கு வர மூன்று நான்கு மாதம் ஆகும், ஒரு சிவப்பணுவின் ஆயுளே சுமார் 120 நாள் என்பதால். பாதத்தில் எரிச்சலும் மரத்துப்போவதும் அதைவிட மெதுவாகத்தான் குறையும், சிலருக்கு முழுசாகப் போகாது. ஈரல் சுருங்கித் தழும்பேறிவிட்டால் அந்தத் தழும்பைக் கரைக்க மருந்து இல்லை. அப்போதும் குடியை விட்டவர் விடாதவரைவிடக் கூடுதல் காலம் வாழ்கிறார் என்பதை அவரிடம் அழுத்திச் சொல்வேன். "இனி விட்டு என்ன" என்ற பேச்சுக்கு எந்தக் கட்டத்திலும் இடம் கிடையாது.

தூக்கம் திரும்ப மாதங்கள் பிடிக்கும். பொறுமை, யோசித்து முடிவெடுப்பது, கோபம் வந்தால் நிதானிப்பது எல்லாம் அதற்கும் பிறகு. வீட்டார் நம்பிக்கை கடைசியிலும் கடைசி. சம்பள ஏடிஎம் கார்டை மனைவி மறுபடி அவர் கையில் கொடுக்கும் நாள் எந்தப் பரிசோதனையிலும் தெரியாது. ஆனால் நாம் கேட்பது தலைகீழாக இருக்கிறது. கடைசியில் வரவேண்டிய உறுதியை முதல் நாளே கேட்கிறோம்.

சத்தியத்தில் எனக்கு இன்னொரு பயம். சறுக்குவது இந்த நோயில் சகஜம். சத்தியம் பண்ணியவர் சறுக்கினால் அவர் குடித்தவராக மட்டும் இருப்பதில்லை, பிள்ளை தலையில் பொய்ச் சத்தியம் பண்ணியவராகவும் ஆகிவிடுகிறார். அந்த அவமானத்தை மறைக்க இன்னும் குடிப்பார், ரிவ்யூவுக்கு வரமாட்டார், போனை எடுக்கமாட்டார். முதல் வாரத்தில் நான் கேட்பதெல்லாம் சின்ன விஷயங்கள். இன்றைக்கு ராத்திரி வரை இருங்கள். இந்தக் கஞ்சியைக் குடியுங்கள். வெள்ளிக்கிழமை ஓபிக்கு வாருங்கள், குடித்திருந்தாலும் வாருங்கள்.

மாலை போடுகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கார்த்திகை பிறந்தால், வருஷம் முழுக்கக் குடித்தவர் ஐயப்பனுக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் தொடாமல் இருப்பதைப் பார்க்கிறோம். கூடவே விரதம் இருக்கிற கூட்டாளிகள், விடியற்காலைக் குளியல், "சாமி" என்று கூப்பிடும் மரியாதை எல்லாம் சேர்ந்து ஒரு மனிதனை நிமிர்த்துவதை நான் மதிக்கிறேன். ஆனால் தினம் காலையிலேயே குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் மாலை போட்ட இரண்டாம் நாளே வலிப்பு வரலாம். போடுவதற்கு முன்னால் எங்களிடம் வந்துவிடுங்கள். மாலையைக் கழற்றும் நாளுக்கும் திட்டம் வேண்டும். நிறையப் பேர் மறுபடி தொடுவது அன்றைக்குத்தான். மலையிலிருந்து இறங்கியதும் நேராக வார்டுக்கு வந்து, நாப்பது நாள் தொடாமல் இருந்த கதையைப் பேசிவிட்டுப் போன சாமிகள் இருக்கிறார்கள்.

கோபத்தோடு சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. "குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்" என்ற விளம்பரங்கள். பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிரம் என்ற மாத்திரையைச் சாம்பாரில் கலந்து போடச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அது குடித்த மதுவைப் பாதி வழியில் நிறுத்தி, அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சை உடம்பில் தேக்கிவைக்கும் மருந்து. முகம் சிவந்து, நெஞ்சு அடித்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து விழுவார். இதய நோய் இருந்தால் உயிரே போகலாம். தெரிந்தே, பரிசோதனை செய்து, சம்மதித்துச் சாப்பிடுகிறவருக்கு அதே மாத்திரை நல்ல துணை. நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேகம் இருக்கும் என்பதைக்கூட அவரிடம் சொல்லித்தான் கொடுக்கிறோம். ஏங்குவதைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளும் இருக்கின்றன. யாருக்கு எது என்பதை ஈரலையும் சிறுநீரகத்தையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார்.

மருந்து முடியும் இடத்தில் மனிதர்கள் வேண்டும். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் டிடிகே மருத்துவமனையைத் தொடங்கினார். நோயாளியோடு குடும்பத்தையும் சேர்த்துச் சிகிச்சைக்குள் கொண்டுவந்தது அவர்கள் செய்த பெரிய காரியம். திருவாரூர் பக்கம் மஞ்சக்குடியில் முகாம் போட்டுக் கிராமத்துக்கே சிகிச்சையைக் கொண்டுபோனார்கள். எங்கள் வார்டுக்குச் சாயங்காலம் ஒருவர் வருவார். பல வருஷமாகக் குடிக்காதவர், குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்குத் தவறாமல் போகிறவர். அறிவுரையே சொல்லமாட்டார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து "எனக்கும் இப்படித்தான் சுவத்துல எறும்பு ஊர்ந்துச்சு" என்பார். நான் ஒரு வாரம் பேசியும் திறக்காத வாய் அவரிடம் பத்து நிமிஷத்தில் திறக்கும்.

எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மீதிப் பேரில் வீட்டிலேயே நிறுத்திப் பார்த்து, பயந்து, மறுபடி தொடங்கியவர்களும் இருப்பார்கள். வீட்டில் இரண்டு நாள் பூட்டிவைத்துத் தெளியவைத்துக் கூட்டிவர வேண்டாம். அந்த இரண்டு நாள்தான் ஆபத்து. குடித்த நிலையிலேயே கூட்டிவாருங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். சாப்பிடுகிற சர்க்கரை, பிரஷர் மாத்திரைச் சீட்டுகளைக் கொண்டுவாருங்கள். கால் உடைந்தோ குடலிறக்கத்துக்கோ வேறு வார்டில் சேர்ந்தால்கூட, வெட்கப்படாமல் குடிப்பழக்கத்தை அங்கே சொல்லிவிடுங்கள்.

கூட வருகிற பெண்களிடம் இப்போதெல்லாம் உட்காரச் சொல்லி அவர்களுக்கும் பிரஷர் பார்க்கிறோம். ராத்திரி கதவு தட்டும் சத்தத்துக்குக் காத்திருந்தே தூக்கம் கெட்டவர்கள், ரத்தசோகையைக் கவனிக்காமல் விட்டவர்கள், மாத்திரை வாங்க வைத்த காசு குவார்ட்டருக்குப் போனவர்கள். "எனக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர், அவரைப் பாருங்க" என்று கையை இழுத்துக்கொள்வார்கள். பட்டையைச் சுற்றிக் காற்றை ஏற்றிக்கொண்டே, நீங்க கடைசியா எப்போ முழுசா தூங்கினீங்க என்று கேட்பேன். அவருடைய சீட்டோடு சேர்த்து இவருக்கும் ஒரு ஓபி சீட்டு போட்டு, அடுத்த வெள்ளிக்கிழமைத் தேதியை இரண்டிலும் எழுதிக் கொடுக்கிறோம்.