பூனைக்குக் காது கடித்தால்

தோட்டத்து லயன்களில் பூனை வளர்ப்பது செல்லத்துக்காக மட்டுமல்ல. மாவையும் அரிசியையும் எலியிடமிருந்து காப்பது அதுதான். ஆனால் அதற்கு ஒரு வருத்தம் வந்தால், “பூனைதானே, தானாக மாறிவிடும்” என்று விட்டுவிடுகிறோம்.

பசறைக்கு அருகில் எங்கள் லயத்தில் ஒரு தாய்ப்பூனையும் இரண்டு குட்டிகளும் இருந்தன. தாய் ஓயாமல் தலையை உதறியது. பின்னங்காலால் சொறிந்து சொறிந்து காதடியில் மயிர் உதிர்ந்து புண்ணாகிவிட்டது. இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விடும்படி பக்கத்துக் காம்பராவில் சொன்னார்கள். என் சின்னம்மா சம்மதிக்கவில்லை. “காதுக்குள்ள என்ன நடக்குதுன்னு நமக்குத் தெரியாது. தெரிஞ்சவங்ககிட்ட காட்டுவோம்” என்றார்.

சின்னம்மா அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. 1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போன மலையகக் குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. 2009இல் யுத்தம் முடிந்து, முகாமிலும் இருந்துவிட்டு எங்களிடம் வந்து சேர்ந்தார். பக்கத்தில் ஷெல் விழுந்த நாள் முதல் அவருடைய வலது காதில் ஓயாத இரைச்சல். இரவில் அது கூடும். வெளியே காயம் எதுவும் இல்லை. அதனால் வீட்டிலும் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

மூடி போட்ட கூடையில் பூனையை வைத்து மிருக வைத்தியரிடம் கொண்டு போனோம். காதுக்குள் கோப்பித் தூள் போலக் கறுப்பு அழுக்கு இருந்தது. அதில் கொஞ்சம் எடுத்துக் கறுப்புத் தாளில் தட்டிக் காட்டினார். வெள்ளைப் புள்ளிகள் நகர்ந்தன. உண்ணி இனத்தைச் சேர்ந்த பூச்சி அது. அரை மில்லிமீற்றர்கூட இல்லை.

அவர் சொன்னவை எல்லா வீட்டுக்கும் உதவும். இந்தப் பூச்சி தாயிடமிருந்து குட்டிக்கும், பூனையிலிருந்து நாய்க்கும் தொற்றும். ஆகவே வீட்டிலுள்ள எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் மருந்து போட வேண்டும். முட்டை பொரித்து முழுப் பூச்சியாக ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். சொறிச்சல் நின்றவுடன் மருந்தை நிறுத்தினால் மிச்சமுள்ள முட்டைகளிலிருந்து மறுபடியும் வரும். செவிப்பறை கிழிந்திருக்கிறதா என்று பார்க்காமல் எந்தத் துளியும் விடக் கூடாது. பஞ்சுக் குச்சியை உள்ளே நுழைக்கக் கூடாது. நாய்க்கு விற்கும் சில உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கிறது. அது பூனைக்கு நஞ்சு. மருந்து போடும்போது பூனையைத் துவாயால் சுற்றிப் பிடிக்க வேண்டும். கடித்தாலோ பிறாண்டினாலோ 15 நிமிடம் சவர்க்காரம் போட்டுக் கழுவி, உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விசர்நோய் பூனையிடமிருந்தும் வரலாம்.

வைத்தியர் சொன்னபடி மூன்று பூனைகளுக்கும் மருந்து போட்டோம். மாதம் முடியும் முன்னே காது சுத்தமானது.

பிறகு நான் படித்த ஒரு விஷயத்தைச் சின்னம்மாவுக்குச் சொன்னேன். அமெரிக்காவில் ரொபர்ட் லோபஸ் என்ற மிருக வைத்தியர், இந்தப் பூச்சி மனிதரை என்ன செய்யும் என்று அறிய, பூனையின் காதிலிருந்து எடுத்துத் தன் காதுக்குள்ளேயே விட்டுப் பார்த்தார். உள்ளே பிறாண்டும் சத்தமும், தாங்க முடியாத கடியும், இரவில் தூக்கமின்மையும் வாரக் கணக்கில் நீடித்ததாக 1993இல் எழுதினார். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை செய்தார். சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குக் கொடுக்கும் இக் நோபல் பரிசு அவருக்கு 1994இல் கிடைத்தது.

சின்னம்மா சிரித்தார். பிறகு, “அவருக்கு வாரக் கணக்கு, எனக்கு வருசக் கணக்கு” என்றார்.

பூனையைக் கூடையில் வைத்து பஸ் ஏறிய நாங்கள், அவரை எங்கும் கூட்டிப் போகவில்லையே என்று அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. அடுத்த வாரமே பதுளை பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். காதைச் சோதித்து, கேட்கும் சக்தி குறைந்திருப்பதைக் கண்டுபிடித்துக் கருவி பொருத்தச் சொன்னார்கள். இரைச்சல் முழுதாகப் போகவில்லை. ஆனால் கருவி போட்டால் வெளிச்சத்தம் கேட்கிறது, இரைச்சல் பின்னுக்குப் போகிறது என்கிறார். இரவில் றேடியோவைச் சன்னமாக வைத்துக்கொண்டு தூங்குகிறார்.

சகோதரிகளே, ஷெல் சத்தத்துக்குப் பிறகு உங்கள் காதிலும் இரைச்சல் இருந்தால், அது மனப்பிரமை என்று மற்றவர் சொல்வதைக் கேட்டு இருந்துவிடாதீர்கள். காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்குப் போய்ச் சொல்லுங்கள். பூனைக்கு வாய் இல்லை. நமக்கு இருக்கிறது.