டப்பாவுக்கா காசு, தோலுக்கா?

சகோதரிகளே, பெருநாள் நெருங்கிவிட்டால் கல்முனை பஸாரில் புடவைக் கடைக்கு அடுத்தபடியாக நம் பெண்கள் மொய்க்கும் இடம் அழகுப் பொருட்கள் விற்கும் கடைதான். 2022 நெருக்கடிக்குப் பிறகு அங்கே விலை கேட்டால் நெஞ்சு பக்கென்கிறது. ஆனாலும் வாங்குகிறோம். வாங்காதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. உப்புக் காற்றும் கொளுத்தும் வெயிலுமான கரையில் இருக்கிறோம். தோலைக் கவனிப்பது ஆடம்பரமல்ல. எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

இந்தக் கேள்வியை மருந்து விடயத்தில் நம் நாட்டிலேயே ஒருவர் கேட்டார். அவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர். கம்பனி சூட்டிய பெயரை விட்டுவிட்டு, மருந்தின் சொந்தப் பெயரைப் பார்த்து வாங்கினால் செலவு குறையும் என்பது அவர் வாதம். அதே கண்ணோடு கிறீம் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். அதிகம் உள்ள பொருள் முதலில் இருக்கும். பெரும்பாலும் அது தண்ணீர்! அடுத்து கிளிசரின், ஏதாவது ஓர் எண்ணெய். முகப்பில் பெரிதாகப் படம் போட்ட குங்குமப்பூவும் முத்தும் கடைசி வரியில் கிடக்கும்.

கணக்கும் போடுங்கள். உதாரணத்துக்கு, 50 மில்லிலீற்றர் 750 ரூபா என்றால் ஒரு மில்லிலீற்றர் 15 ரூபா. 200 மில்லிலீற்றர் 1,600 ரூபா என்றால் 8 ரூபாதான். ஆனால் திகதி முடியுமுன் தீராத பெரிய போத்தல் மலிவல்ல.

வறண்ட தோலுக்கு 1872இல் காப்புரிமை பெற்ற வஸலினை இன்னும் எந்தப் புதுச் சரக்கும் விரட்டவில்லை. அது தோலுக்கு ஈரம் கொடுப்பதில்லை. உள்ள ஈரத்தைப் போகவிடாமல் மூடுகிறது. அதனால் காய்ந்த காலில் தேய்ப்பதைவிட, குளித்த கையோடு, அல்லது வுழூச் செய்த ஈரம் முற்றாகக் காயுமுன் மெல்லியதாகப் பூசுவதே பலன். முகத்தில் பரு உள்ள பிள்ளைகளுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், எங்கள் உம்மம்மா என்ன சொல்லியிருந்தாலும்.

வெயில் கிறீமில் எஸ்.பி.எஃப். 30 ஏறத்தாழ 97 வீதத்தைத் தடுக்கும். 50 என்றால் 98. அந்த ஒரு வீதத்துக்காக இரட்டை விலை கொடுப்பானேன்? குறைவாகப் பூசினால் இரண்டுமே உதவாது. குடைக்கு ஒருமுறைதான் செலவு.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. மலிவாக, லேபல் இல்லாத குட்டி டப்பாவில் விற்கும் 'வெள்ளையாக்கும்' கிறீம். என் ராத்தாவின் மகள் கலியாணத்துக்கு மூன்று மாதம் இருக்க ஒன்றை வாங்கிப் பூசினாள். இரண்டு வாரத்தில் முகம் பளிச்சென்றது, ஊரே கேட்டது. நிறுத்தியதும் முகம் சிவந்து எரிந்தது; வெயிலில் நிற்க முடியவில்லை. ஸ்டீரொயிட் கலந்த கிறீமாக இருக்கும், அது தோலை மெலியச் செய்துவிட்டது என்றார் டொக்டர். டப்பாவில் பெயருமில்லை, முகவரியுமில்லை. யாரிடம் போய்க் கேட்பது? மருந்துக்குப் போன காசில் நல்ல கிறீம் பத்து வாங்கியிருக்கலாம்.

இன்னும் மோசமானது பாதரசம். சிறுநீரகத்தைக் கெடுக்கும், பூசியவரின் கையிலும் துவாயிலும் ஒட்டி மடியில் இருக்கும் குழந்தைக்கும் போகும். மினமாட்டா உடன்படிக்கையின்படி 2025க்குப் பின் பாதரசம் சேர்த்த அழகுப் பொருளைத் தயாரிக்கவோ இறக்குமதி செய்யவோ கூடாது. ஆனாலும் சூட்கேசில் வரும் சாமானை யார் தடுப்பது? 'கலமெல்', 'மெர்க்குரி' என்ற சொற்கள் இருந்தால் தொடாதீர்கள். 'தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூசவும்' என்று எழுதியிருந்தாலும் சந்தேகப்படுங்கள். பாதரசம் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும். காப்பைக் கழற்றிவைத்துவிட்டுப் பூச வேண்டிய ஒன்றைக் கன்னத்தில் பூசலாமா?

முகத்தில் படை, கரும்புள்ளி என்றால் கடைக்காரரிடம் கேட்க வேண்டாம். அரசாங்க ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்கில் பார்க்கக் காசில்லை. காலையில் கொஞ்சம் வெள்ளனப் போனால் துண்டு கிடைக்கும். பூசிய டப்பாவையும் மறக்காமல் கையில் கொண்டுபோங்கள்.