ஈட்டியும் நாவும்

தமிழ்த்துறை மலர்க் குழுவினர் நம்மை அணுகி, மனிதன் மனிதனுக்கு இழைக்கும் கொடுமையைப் பற்றியும், அக்கொடுமையால் நோயுற்ற உள்ளம் மீண்டும் நலம் பெறும் வழியைப் பற்றியும் சமய நோக்கிலும் தத்துவ நோக்கிலும் ஒரு கட்டுரை வேண்டும் என்றனர். பணி ஓய்வு பெற்று ஆண்டுகள் பல கடந்துவிட்ட நமக்கு, மாணவ மணிகளோடு மீண்டும் உரையாடக் கிடைத்த வாய்ப்பாகவே அதனைக் கருதி இசைந்தோம். நூல்களை அடுக்கி வைத்துக்கொண்டு எழுத அமர்ந்த பின்னரே, இப்பொருளை நூல்களைக் கொண்டு மட்டும் எழுதுதல் நமக்கு நேர்மையாகாது என்பது விளங்கிற்று. காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

மனிதன் படைக்கப்படுவதற்கு முன்பே அவனுடைய கொடுமை பேசப்பட்டுவிட்டது. அவனால் பூமியில் இரத்தம் சிந்தப்படுமே என்னும் ஐயத்தை வானவர் எழுப்பியதாகத் திருமறையின் இரண்டாம் அத்தியாயம் தெரிவிக்கிறது. இங்கு நுணுகி நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. அந்த ஐயம் பொய்யென்று மறுக்கப்படவில்லை. வானவர் அறியாத ஒன்றை இறைவன் அறிவான் என்பதே அங்குக் கிடைக்கும் விடை. ஆகவே, மனிதன் கொடியவனாக இருக்க முடியுமா என்னும் வினா நம் மார்க்கத்தில் எழுவதேயில்லை. கொடுமை செய்த பின் அவன் என்ன ஆகிறான் என்பதுதான் வினா.

அவ்வினாவை எண்ணும்தோறும் நம் நினைவுக்கு வருபவர் வஹ்ஷீ. அபிசீனிய நாட்டவர், மக்காவில் ஜுபைர் இப்னு முத்இம் என்பாரின் அடிமை, ஈட்டி எறிவதில் வல்லவர். பத்ருப் போரில் ஜுபைரின் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) அவர்களின் வாளுக்கு இரையானார். அதற்குப் பழியாக ஹம்ஸாவைக் கொன்றால் விடுதலை தருவதாக ஜுபைர் வாக்களித்தார். ஹிஜ்ரி 3 ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 625 இல், உஹத் களத்தில் பாறை ஒன்றின் மறைவிலிருந்து வஹ்ஷீ எறிந்த ஈட்டி பெருமானாரின் சிறிய தந்தையை வீழ்த்தியது. ஈட்டியை உருவிக்கொண்டு அவர் பாசறைக்குத் திரும்பிவிட்டார். அப்போரில் அவருக்கு வேறு அலுவல் இல்லை. ஹம்ஸாவின்மீது அவருக்குப் பகை இருந்ததாக எவரும் எழுதவில்லை. தாம் அடிமைத்தளையினின்று விடுபட வேண்டும் என்பதொன்றே அவர் நோக்கம்.

மக்கா வெற்றிக்குப் பின் தாயிஃபுக்கு ஓடி ஒளிந்த வஹ்ஷீ, தூதுவருக்குத் தீங்கு நேராது எனக் கேள்வியுற்று, அவ்வூர்த் தூதுக் குழுவோடு அண்ணல் நபி (ஸல்) அவர்களின் முன் வந்து நின்றார். இஸ்லாத்தை ஏற்றார். அது மறுக்கப்படவில்லை, அவர்மீது வாள் ஓங்கப்படவில்லை. ஆயினும், உம் முகத்தை நான் காணாதவாறு இருந்துகொள்ள இயலுமா என்னும் கருத்துப்படப் பெருமானார் அவரிடம் வினவினார்கள். புகாரீ நபிமொழித் தொகுப்பில் வஹ்ஷீயே கூறுவதாக இச்செய்தி பதிவாகியுள்ளது. பெருமானார் மறையும்வரை அவர் அவ்வாறே விலகி வாழ்ந்தார். அன்னாரின் மறைவுக்குப் பின் யமாமாப் போரில், தன்னை நபியென்று கூறிக்கொண்ட முஸைலிமாவை அதே ஈட்டியால் அவர் வீழ்த்தியதாக வரலாற்றாசிரியர் எழுதுவர். (உமறுப் புலவரின் சீறாப்புராணம் மக்கா வெற்றியைத் தொடாமலே நின்றுவிட்டமையால், வஹ்ஷீ மனந்திரும்பி வந்த காட்சியைத் தமிழில் அப்புலவர் வாக்கால் கேட்கும் பேறு நமக்கு வாய்க்காமற் போயிற்று.)

மேடைகளில் இந்நிகழ்ச்சியைக் கூறுவோர் பெரும்பாலும் மன்னிப்போடு நிறுத்திக்கொள்வர். முகத்தைக் காட்டாதிருக்க வேண்டியதைச் சொல்லத் தயங்குவர். நமக்கோ அந்தப் பகுதியே விலைமதிப்பற்றதாகத் தோன்றுகிறது. மன்னித்தல் வேறு, வலி ஆறுதல் வேறு. அருட்கொடையாக அனுப்பப்பட்ட அண்ணலாரே அவ்விரண்டையும் ஒன்றெனக் காட்ட முயலவில்லை.

பகையின்றியே கொடுமை நிகழும் என்பதை அண்மைக் காலத்து அறிஞரும் தம் வழியில் கண்டனர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1961 இல் ஸ்டான்லி மில்கிராம் நடத்திய சோதனையில், முன்பின் அறியாத ஒருவருக்கு மின்னதிர்ச்சி தருவதாக நம்பவைக்கப்பட்ட 40 பேரில் 26 பேர், பணித்தவரின் சொல்லுக்கிணங்க 450 வோல்ட் எனக் குறிக்கப்பட்ட கடைசி விசைவரை சென்றனர். அதே 1961 இல் ஜெருசலேமில் அடால்ஃப் ஐக்மன்மீது நடந்த விசாரணையைக் கண்ட ஹன்னா அரெண்ட், யூதரைக் கொலைக் களங்களுக்கு அனுப்பிவைத்த அம்மனிதரிடம் அரக்கத்தன்மையைவிடச் சிந்தனையின்மையே மிகுந்திருந்தது என்று கருதினார். ஐக்மனைப் பொறுத்தவரை அவர் மதிப்பீடு பிழையென்று பின்வந்த ஆய்வாளர் பலர் வாதிட்டுள்ளனர். அவர் தெரிந்தே, விரும்பியே செய்தார் என்பது அவர்கள் துணிபு. மில்கிராமின் முறையையும் குறை கூறியோர் உண்டு. அவ்வழக்குகளை அறிஞர்களிடமே விட்டுவிடுவோம். சிந்தியாமற் செய்த கொடுமைக்கு நமக்கு யேலும் ஜெருசலேமும் வேண்டியதில்லை. நம் வகுப்பறையே போதும்.

1986 ஆம் ஆண்டு அது. பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் சீறாப்புராணத்து மானுக்குப் பிணை நின்ற படலம் பாடமாக இருந்தது. வேடனின் வலையில் சிக்கிய பெண்மான், பசித்திருக்கும் தன் கன்றுக்குப் பாலூட்டி வர விடை வேண்ட, நபிகள் நாயகம் தாமே பிணையாக நிற்கும் இடம். உருக்கமாக நடத்துகிறோம் என்னும் பெருமிதம் நமக்கு நிரம்ப இருந்தது. கடலோரச் சிற்றூரிலிருந்து வந்த மாணவர் ஒருவரை எழுப்பிச் செய்யுளைப் படிக்கப் பணித்தோம். அவர் சந்தி பிரிக்கத் தெரியாமல் தடுமாறினார். ழகரம் அவர் நாவில் நிற்கவில்லை. நாம் அவரைப் போலவே படித்துக் காட்டினோம். வகுப்பு சிரித்தது. அச்சிரிப்பு நமக்கு இனித்தது. அவர் தந்தையார் கடற்கரையில் மீன் ஏலம் கூறுபவர் என்பதை அறிந்திருந்த நாம், ஏலம் கூறுவதற்கு இந்தத் தமிழே போதும், கல்லூரி எதற்கு என்று மேலும் ஒரு சொல் சொன்னோம். வகுப்பு இன்னும் உரக்கச் சிரித்தது. அவர் நூலை மூடி வைத்துவிட்டு அமர்ந்தார்.

அடுத்த வாரம் முதல் அவர் வரவில்லை. சில வாரங்களில் வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் சிவப்பு மையால் அடிக்கப்பட்டது. ஏன் வரவில்லை என நாம் விசாரிக்கவில்லை. அவர்மீது நமக்கு எள்ளளவும் பகை இல்லை. நாவால் சுடுவதன் கொடுமையைப் பற்றி வள்ளுவர் கூறியதையும் அதே வகுப்பில் ஆண்டுதோறும் நடத்தி வந்தோம்.

இறைவனிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாமே எனச் சிலர் கூறக்கூடும். கேட்டோம். ஆனால் மார்க்கச் சட்டம் இதில் மிகக் கண்டிப்பானது. தவ்பாவுக்கு நிபந்தனைகள் மூன்று: பாவத்தை விடுதல், அதற்காக வருந்துதல், மீண்டும் செய்வதில்லை என உறுதி பூணல். பிற மனிதருக்கு இழைத்த தீங்காயின் நான்காவது நிபந்தனை ஒன்று வந்து சேரும் என்பர் இமாம் நவவீ. உரியவரிடம் அவர் உரிமையை ஒப்படைத்துத் தீர்க்க வேண்டும். தொழுகையும் நோன்பும் ஸகாத்துமாக மறுமைக்கு வரும் ஒருவன், தான் ஏசியவர்க்கும் அடித்தவர்க்கும் அந்நன்மைகளைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு வெறுங்கையனாக நிற்பதை நபிமொழி ஒன்று காட்டுகிறது. கி.பி. 1111 இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, இஹ்யா நூலின் தவ்பா பற்றிய பகுதியில், நாவால் புண்படுத்தியவன் தன்னால் புண்பட்டோரைத் தேடிச்சென்று பொறுப்பு வேண்ட வேண்டும் என்றும், அவர் இறந்துவிட்டாலோ காணாமற் போனாலோ நன்மைகளைப் பெருக்கிக்கொள்வதன்றி வேறு வழியில்லை என்றும் எழுதுகிறார். கடன்காரன் கணக்கெழுதுவது போன்ற இம்முறை இளமையில் நமக்கு வறட்சியாகத் தோன்றியது. இன்று அவ்வாறு தோன்றவில்லை. இறைவனிடம் அழுதுவிட்டு எளிதில் எழுந்துபோக விடாத சட்டம் இது.

நாமாகத் தேடிச் சென்றோம் என எழுத ஆசைதான், அது பொய்யாகிவிடும். 2009 இல் கடற்கரை ஊரொன்றில் நடந்த வலீமா விருந்தில், ஒரே சஹனில் நம்மோடு உண்ண அமர்ந்தவர், “என்னைத் தெரியுதா சார்?” என்றார். தெரியவில்லை. அவரே வகுப்பையும் ஆண்டையும் கூறினார். நாம் எடுத்த சோறு கையிலேயே நின்றது. அவரோ நல்ல இறைச்சித் துண்டுகளை நம் பக்கமாக நகர்த்திவைத்துக்கொண்டே வெளிநாட்டில் இருந்ததையும், ஊர் திரும்பிக் கடை வைத்திருப்பதையும் கூறினார்.

உணவு முடிந்து கை கழுவிய இடத்தில் நாம் மன்னிப்புக் கேட்டோம். எவ்வளவோ செய்யுள்களுக்கு உரை கூறிய நாவுக்கு அப்போது வாக்கியம் ஒன்றும் ஒழுங்காக வரவில்லை.

“எப்பவோ மன்னிச்சாச்சு சார்,” என்றார். சற்றுப் பொறுத்து, “நீங்க சொன்னத வாப்பாட்ட மட்டும் சொல்லல. படிப்பு ஏறலன்னு சொல்லி நிறுத்திட்டேன். கடைசி வரைக்கும் எம்மவனுக்குப் படிப்பு வரலன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தாஹ,” என்றார்.

அன்று நாம் இகழ்ந்தது மகனை மட்டுமன்று என்பது அப்போதுதான் உறைத்தது. தந்தையாரின் பங்கை மகனால் மன்னிக்க இயலாது. அவர் அடக்கமாகி ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன.

துஆச் செய்வதற்காக அவர் பெயரைக் கேட்டோம். வலீமா அழைப்பிதழின் பின்புறத்தில் தம் கையாலேயே எழுதித் தந்தார். ஊருக்கு வந்து ஸியாரத் செய்யலாமா என்றும் கேட்டோம்.

“துஆச் செய்ங்க சார். வீட்டுப் பக்கம் மட்டும் வராதீங்க. உம்மா இருக்காஹ, யாருன்னு கேப்பாஹ,” என்றார்.

அந்த அழைப்பிதழ் நம் சீறாப்புராணப் பிரதிக்குள் இருக்கிறது. அவ்வூருக்கு இதுவரை நாம் சென்றதில்லை.