நெருக்கடியில் எதை விடுவது? – சில குறிப்புகள்

ரியல் டைம் சிஸ்டம் என்றாலே அசுர வேகம் என்று நினைப்பவர்கள் அதிகம். வேகம் வேறு, கெடுவுக்குள் முடிப்பது வேறு. கார் மோதிய சில பத்து மில்லி விநாடிக்குள் ஏர்பேக் விரிந்தாக வேண்டும். அதற்குப் பிறகு எவ்வளவு சரியாக விரிந்தும் பயனில்லை. வீடியோவில் ஒரு ஃபிரேம் விட்டுப்போனால் கண்ணுக்கே தெரியாது. எந்தக் கெடு தவறினால் உயிர் போகும், எது தவறினால் படம் மட்டும் மங்கும் என்று பிரித்து வைப்பதுதான் முதல் வேலை.

*

1969 ஜூலை 20. அப்பல்லோ 11 நிலவில் இறங்கிக்கொண்டிருக்கிறது. கணினியில் 1202 என்று எச்சரிக்கை. எழுதி அழிக்கக்கூடிய மெமரி மொத்தமே 2,048 சொற்கள். வேலைகளுக்கு ஒதுக்கும் இடங்கள் தீர்ந்துபோயின என்பதுதான் அந்த எண்ணின் பொருள்.

தாய்க்கலத்தைத் தேடும் ரேடார் அப்போது தேவையே இல்லை. ஆனால் அதன் மின்சுற்றிலிருந்து வந்த வெற்றுத் துடிப்புகளை எண்ணுவதிலேயே கணினியின் நேரத்தில் 15 சதவீதம் வரை போயிற்று. அந்த நேரத்தில் விண்வெளி வீரர் ஆல்ட்ரின் உயர வித்தியாசத்தைத் திரையில் காட்டச் சொல்ல, சுமை எல்லை தாண்டியது.

கணினி என்ன செய்தது? கையில் இருந்த அத்தனை வேலையையும் உதறிவிட்டு, எஞ்சினையும் வழியையும் கவனிக்கும் வேலைகளை மட்டும் விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டது. திரையில் எண் காட்டும் வேலை விடுபட்டது. அந்த எண்ணைத் தாங்களே பார்த்துச் சொல்வதாக ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையம் ஏற்றுக்கொண்டது. இறங்குவதற்குள் இத்தகைய எச்சரிக்கை ஐந்து முறை வந்தது; இறங்குவது நிற்கவில்லை. கணினி வல்லுநர் ஹால் லேனிங் வடிவமைத்த முன்னுரிமை முறை அது. எதை முதலில் கைவிடுவது என்பது பூமியிலேயே முடிவாகிவிட்டது.

*

1973இல் லியு, லேலண்ட் இருவரும் எழுதிய கட்டுரை ரியல் டைம் துறைக்கு அரிச்சுவடி. குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் வேலைகளில், அடிக்கடி வருவதற்கு அதிக முன்னுரிமை கொடுத்தால், சிபியு சுமை சுமார் 69 சதவீதத்துக்குள் இருக்கும்வரை எந்தக் கெடுவும் தவறாது. எந்த வேலைக்குக் கெடு மிக அருகில் இருக்கிறதோ அதை முதலில் கவனித்தால் 100 சதவீதம் வரை போகலாம்.

பிறகு ஏன் எல்லாரும் இரண்டாவது வழிக்கு மாறவில்லை? சுமை 100ஐத் தாண்டும்போது தெரியும். முதல் வழியில் அடிமட்ட வேலைகள்தான் அடிவாங்கும். மேலே உள்ளவை தப்பிக்கும். இரண்டாவதில் யார் மாட்டுவார் என்று சொல்லவே முடியாது. ஒன்று பிந்தும், அது அடுத்ததையும் பிந்தவைக்கும்.

சிபியு 70 சதவீதத்தில் ஓடினால், “மீதி சும்மாதானே கிடக்கிறது, இதையும் ஏற்று” என்று ஒரு மேலாளர் சொல்வார். அந்த மீதி சும்மா கிடக்கவில்லை. உத்தரவாதத்துக்கு நாம் கட்டும் விலை அது.

*

முன்னுரிமை கொடுத்துவிட்டால் மட்டும் போதாது. 1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் சில நாட்களில் தானாகவே ரீசெட் ஆகத் தொடங்கியது. வானிலைத் தகவல் சேர்க்கும் சின்ன வேலை ஒரு பூட்டை வைத்திருந்தது. தகவல் பரிமாற்றத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரிய வேலை அந்தப் பூட்டுக்காகக் காத்திருந்தது. நடுத்தர முன்னுரிமை கொண்ட வேறொரு வேலை உள்ளே நுழைந்து, சின்ன வேலையை ஓடவிடாமல் தடுத்தது. பெரிய வேலை முடியவில்லை என்று கண்ட காவல் கடிகாரம் எல்லாவற்றையும் ரீசெட் செய்தது.

பூட்டு வைத்திருப்பவருக்கு, காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுப்பதுதான் மருந்து. லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், லெஹோஸ்கி 1990இலேயே இதை எழுதியிருந்தார்கள். கலத்தின் மென்பொருளிலும் அந்த வசதி இருந்தது, அணைத்துவைக்கப்பட்டிருந்தது. பூமியிலிருந்து அதை இயக்கினார்கள், சரியானது.

*

அதே ராஜ்குமார் கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் சகாக்களுடன் 1997இல், வளங்களைப் பங்கிட க்யூ-ரேம் என்ற மாதிரியை முன்வைத்தார். ஒவ்வொரு செயலிக்கும் குறைந்தபட்சத் தேவையை முதலில் கொடு. மிச்சத்தை, எங்கே கொடுத்தால் பயன் அதிகமாகக் கூடுமோ அங்கே கொடு. சுருக்கம் அவ்வளவுதான்.

தரத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதற்கு ஓர் உதாரணம்: 2020 மார்ச்சில் ஐரோப்பா முழுக்க வீட்டில் அடைபட்டபோது நெட்ஃபிளிக்ஸ் அங்கே பிட்ரேட்டைக் குறைத்தது. அங்குள்ள நெட்வொர்க்குகளில் நெட்ஃபிளிக்ஸின் டிராஃபிக் சுமார் 25 சதவீதம் குறையும் என்று அறிவித்தார்கள். படத்தின் துல்லியம் கொஞ்சம் போனது, படம் நிற்கவில்லை.

*

மறுப்பதும் தரம்தான். பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் லைன் நிரம்பினால் புதிய அழைப்பு போகாது. பேசிக்கொண்டிருப்பவரின் லைன் அறுபடாது. இன்றைய இணைய சேவைகள் பல, வந்த அத்தனை பேரையும் உள்ளே விட்டு அத்தனை பேருக்கும் சுழலும் வட்டத்தைக் காட்டுகின்றன. ஏற்றவர்களுக்கு முடித்துக்கொடுத்துவிட்டு, மற்றவர்களிடம் பிறகு வாருங்கள் என்று உடனே சொல்வது மேல். ஆனால் யாரை ஏற்பது, யாரைத் திருப்புவது என்ற பட்டியலைப் புரோகிராமர் தலையில் கட்டக் கூடாது. சேவையை நடத்துபவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டிய பட்டியல் அது.