'அவன்' வேணாம், ரெண்டு பாக்கெட் போதும்!

குழாய் ஒழுகினா அப்பா ஹார்டுவேர் கடையில எம்-சீல் வாங்கிட்டு வருவாரே, ஞாபகம் இருக்கா? அந்தக் குடும்பத்துச் சரக்குதான் எபாக்ஸி க்ளே. இப்போ காலேஜ் பொண்ணுங்க காதுல கம்மலா தொங்கிட்டு இருக்கு!

ரெண்டு பாக்கெட் வரும். ஒண்ணு ரெசின், இன்னொண்ணு ஹார்டனர். பெரும்பாலும் சரிசமமா எடுத்து, ஒரே கலர் ஆகிற வரைக்கும் சப்பாத்தி மாவு மாதிரி பிசையணும். கோடு கோடாத் தெரிஞ்சா கலக்கலைனு அர்த்தம். அந்த இடம் மட்டும் காயாம பிசுபிசுனு கிடக்கும்.

டெரகோட்டா நகைன்னா சுடணும். பாலிமர் க்ளேன்னா அவன் வேணும் (அந்த 'அவன்' இல்லீங்க, கேக் பண்ற அவன்!). ஹாஸ்டல்ல அயர்ன் பாக்ஸுக்கே வார்டன் கண்ணுல மண்ணைத் தூவணும். எபாக்ஸிக்கு இது எதுவும் வேணாம். ரெசினும் ஹார்டனரும் சேர்ந்ததும் மூலக்கூறுகள் வலை மாதிரி பின்னிக்கும். ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரியில 'தெர்மோசெட்'னு மனப்பாடம் பண்ணோமே, அதேதான். இறுகிட்டா, திரும்பச் சூடு பண்ணாலும் உருகாது.

என் ரூம்மேட் இதுல கில்லாடி. கல் பதிக்க இதைவிட வசதியான மண் கிடையாதுன்னு சொல்வா. ஏன்னா மண்ணே பசையும்கூட. கல்லை அமுக்கி வெச்சா, காய்ஞ்சதும் பிடிச்சுக்கும். கொக்கிக் கம்பியையும் ஈரமா இருக்கும்போதே சொருகிடணும். தண்ணி தொட்ட விரலால தடவினா மொழுமொழுனு வரும். ராத்திரி முழுக்கக் காயவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, அக்ரிலிக் பெயின்ட் அடிச்சா ஜோடி 80 ரூபாய். எக்ஸாம் ஃபீஸ் அந்தக் காசுலதான் கட்டினா.

போன செமஸ்டர்ல கல்ச்சுரல்ஸுக்காக 40 ஜோடி ஆர்டர். க்ளவுஸ் போட்டா இதழ்ல நரம்பு வரையவே வரலைன்னு வெறுங்கையிலேயே பிசைஞ்சா. மூணாவது வாரம் விரலெல்லாம் சிவந்து, அரிச்சு, தோல் உரிய ஆரம்பிச்சது. தோல் டாக்டர் பார்த்துட்டு அலர்ஜின்னாங்க. இறுகாத ரெசினும் ஹார்டனரும்தான் வில்லன். உடம்பு ஒரு தடவை இதை எதிரின்னு முடிவு பண்ணிட்டா, அப்புறம் துளி பட்டாலும் கிளம்பிடுமாம். 'இனிமே தொடாதேம்மா'ன்னு சொல்லிட்டாங்க. முழுசா இறுகின கம்மலைப் போட்டுக்கிறது பெரும்பாலும் பிரச்னை இல்லை. செய்யுற கைக்குத்தான் ஆபத்து.

எனக்குக் கோபம் வர்ற விஷயம் ஒண்ணு. எச்சரிக்கை என்னமோ பாக்கெட்ல இருக்கு, எறும்பு சைஸ் எழுத்துல! நாங்க வாங்கின கடைகள்ல யாரும் 'க்ளவுஸ் வேணுமா'ன்னு கேட்டதே இல்லை. அதுலயும் மெல்லிசான லேடெக்ஸ் பத்தாது, நைட்ரைல் க்ளவுஸ் கேளுங்க. தேய்க்கும்போது தூசு மூக்குல ஏறாம மாஸ்க் போடுங்க.

இப்போ டிசைன் அவ, பிசையுறது நான். என் ரோஜா இதழ் முதல்ல தவலை வடை மாதிரிதான் வந்தது. நேத்து ஒண்ணைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "பரவால்லடி, பூன்னு சொல்லி வித்துடலாம்"ன்னா. நாளைக்குப் பத்து ஜோடி கொடுக்கணும். மூணு இன்னும் காயலை.