கொண்டதை விடுதல்

அச்சம், நாணம், மடம் மூன்றையும் பெண்ணுக்குரியவை என்கிறது தொல்காப்பியக் களவியல். மடம் என்றால் அறியாமை என்றே பலரும் நினைக்கிறோம். உரைமரபு தரும் விளக்கம் வேறு: சொல்லிக்கொடுத்ததை ஏற்றுக்கொள்வது, ஏற்றதை விடாமலிருப்பது. நம் பள்ளிக்கூடங்கள் நல்ல மாணவிக்கு வைத்திருக்கும் இலக்கணமும் இதுதானே?

ஓர் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில், பதினோராம் வகுப்புக்குச் சில சனிக்கிழமைகளில் உளவியலை அறிமுகப்படுத்தக் கேட்டார்கள். ஃப்ராய்ட், பியாஜே, ஸ்கின்னர் என்று பெயர்களை ஒப்பிக்க வைத்தால் அதுவும் மடத்தில்தான் முடியும். எனவே ஒரே ஒரு கேள்வியோடு போனேன்: "இது எப்படித் தெரியவந்தது?"

கோல்பெர்க்கிலிருந்து தொடங்கினோம். அறவுணர்வு வளர்வதற்கு ஆறு படிநிலைகளை வகுத்தவர் அவர். ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து அவர் ஆராய்ந்தவர்கள் எல்லோரும் பையன்கள். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் பெண்கள் நடுப்படியிலேயே நின்றுவிடுகிறார்கள் என்று சொல்லப்பட்டது. பெண்களிடம் குறையா, அளவுகோலில் குறையா என்று 1982இல் வந்த தன் நூலில் கேட்டார் கரோல் கில்லிகன். வகுப்பு கைதட்டியது. ஆண், பெண் வேறுபாடு அவ்வளவு பெரிதல்ல என்று பிறகு வந்த ஆய்வுகள் கில்லிகனையும் கேள்வி கேட்டதைச் சொன்னேன். கைதட்டல் நின்றது. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. நமக்குப் பிடித்த முடிவையும் அதே கேள்வியால் சோதிக்க வேண்டும் என்பதுதான் பாடம்.

அடுத்த வாரம் லீட்டா ஹாலிங்வொர்த். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஆசிரியையாக இருந்தவர். நியூயார்க் வந்து திருமணம் செய்துகொண்டபோது, மணமான பெண்ணுக்கு அங்கே ஆசிரியை வேலை இல்லை என்றார்கள். அவர் மேலே படிக்கப் போனார். மாதவிலக்கு நாட்களில் பெண்ணின் மூளையும் கையும் மங்கிவிடும் என்று மருத்துவர்களே எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அதை அவர் அளந்து பார்த்தார். 23 பெண்கள், ஒப்பிட்டுப் பார்க்க 2 ஆண்கள். விரலால் தட்டும் வேகம், கை நடுங்காமை, நிறங்களின் பெயர் சொல்லுதல், எதிர்ச்சொல் சொல்லுதல் எனப் பல சோதனைகள். அந்த நாட்களில் திறன் குறைவதாக எதுவும் தெரியவில்லை. 1914இல் அது அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடாக வெளிவந்தது.

"இருபத்திமூணு பேர் போதுமா மிஸ்?" என்றாள் முன்வரிசைப் பெண். "அவங்களுக்கு இந்த முடிவு வரணும்னு ஆசை இருந்திருக்குமே?" என்றாள் இன்னொருத்தி. இரண்டும் நல்ல கேள்விகள். ஆசை இருக்கலாம், அதனால்தான் எப்படி அளந்தார் என்பதை எழுதிவைக்க வேண்டியிருக்கிறது, யார் வேண்டுமானாலும் திரும்பச் செய்து பார்க்கலாம் என்று விவாதித்தோம். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். "மூளை மங்கலைன்னு நிரூபிச்சுட்டா, அப்புறம் வலிக்குதுன்னு சொன்னா நம்புவாங்களா மிஸ்? எனக்கு முதல் ரெண்டு நாள் நிக்கவே முடியாது."

எத்தனையோ கருத்தரங்குகளில் இந்தக் கேள்வியை நான் கேட்டதில்லை. திறன் குறையவில்லை என்பது வேறு, வலி இல்லை என்பது வேறு. முதலாவதைச் சோதித்த ஆய்வை இரண்டாவதற்குச் சாட்சியாக நிறுத்தக் கூடாது. ஓர் ஆய்வு எதைச் சொல்கிறது என்பதோடு, எதைச் சொல்லவில்லை என்பதையும் பார்க்க அந்தப் பிள்ளை தன் உடம்பிலிருந்தே கற்றிருந்தாள்.

நான்காவது வாரம் ஒரு தாய் என்னைத் தேடி வந்தார். "எப்படித் தெரியும், எப்படித் தெரியும்னு வீட்ல எல்லாத்தையும் கேக்குறா டீச்சர். எங்ககிட்ட கேட்டா பரவால்ல. நாளைக்குக் கட்டிக்கிட்டுப் போற வீட்ல கேட்டா, அடி வாங்குறது அவதானே?"

அவர் பேச்சில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. அந்தப் பயத்தை அறியாமை என்று ஒதுக்க முடியாது. அவர் வாழ்ந்து சேர்த்த சான்று அது. கேள்வி கேட்பது தைரியம் என்று மேடையில் சொல்வது எளிது. அதற்கான விலையைக் கொடுப்பவள் அந்தப் பெண். அதனால் மறுவாரம் இன்னொன்றையும் பேசினோம்: எந்தக் கேள்வியை உரக்கக் கேட்பது, எதை நோட்டில் எழுதிவைப்பது, எதற்குத் துணை சேர்த்துக்கொண்டு போவது. வாயை மூடிக்கொள்ள நேரும் இடத்திலும் மனசுக்குள் கேள்வி அணையாமல் இருக்கலாம். மடம் அங்கேயே உடையத் தொடங்கிவிடுகிறது.

கிளம்பும்போது அந்தத் தாய் கேட்டதையும் சொல்ல வேண்டும். "அந்த நாள்ல தொட்டா ஊறுகாய் கெட்டுப்போகும்னு எங்க மாமியார் சொல்வாங்க. அதையும் யாராச்சும் சோதிச்சுப் பாத்திருக்காங்களா டீச்சர்?"

"நீங்களே பார்க்கலாம்மா" என்றேன். "ரெண்டு ஜாடி போதும்."